இரு கணினிகளும் ஒரு நேரலையும்: படத்தின் தெளிவு எங்கே தொலைகின்றது?

ஒருவர் கணினியில் விளையாடிக்கொண்டிருப்பதை வேறொருவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதில் அப்படி என்னதான் சுவை இருக்கின்றது என்று மூத்த தலைமுறையினர் வினவுவதுண்டு. ஐந்து நாட்கள் நீடிக்கும் டெஸ்ட் கிரிக்கெட் போட்டியை வானொலி வர்ணனையிலும் தொலைக்காட்சியிலுமாகப் பின்தொடர்ந்த தலைமுறையொன்று இவ்வாறு வினவுவது சற்று வேடிக்கையானதே. சுவை இருக்கின்றதா இல்லையா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, இது இன்று பெரும் வணிகமாகிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. 2007ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ஜஸ்டின் டிவி என்ற அமெரிக்க இணையத்தளத்தின் விளையாட்டுப் பிரிவு 2011இல் ட்விட்ச் என்ற பெயருடன் தனித்தளமாயிற்று. மூன்றே ஆண்டுகளில், அதாவது 2014இல், அமேசன் நிறுவனம் அதனை ஏறத்தாழ 97 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. யூடியூப்பும் பேஸ்புக்கும் இதே வழியில் இறங்கின.

எமது நாட்டின் தமிழ், முஸ்லிம் இளைஞர்களிடையேயும் தமது விளையாட்டைத் தமிழில் வர்ணித்தவாறு நேரலையாக வழங்குவோர் உள்ளனர். இவர்களுள் ஓரளவு முன்னேறியவர்கள் ஒரு கட்டத்தில் வீட்டாரிடம் முன்வைக்கும் கோரிக்கை, இரண்டாவது கணினி ஒன்று வேண்டும் என்பதாகும். ஒரு கணினியில் விளையாட வேண்டும், மற்றையதில் அக்காட்சியைப் பெற்று இணையத்துக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக இருக்கும் என்பது அவர்களது வாதம். வெளிநாட்டுப் பிரபலங்கள் பலர் அவ்வாறே செய்கின்றனர் என்பதும் உண்மையே. ஆனால் 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்ததன் பின்னர், இறக்குமதி செய்யப்படும் கணினிப் பாகம் ஒவ்வொன்றும் நடுத்தரக் குடும்பமொன்றுக்குப் பெருஞ்செலவாகிவிட்டது. இந்நிலையில் அந்த இரண்டாவது கணினி உண்மையில் எதனைச் செய்கின்றது, எதனைச் செய்யமாட்டாது என்பதை அறிந்துகொள்வது, கேட்கும் பிள்ளைக்கும் கொடுக்கும் பெற்றோருக்கும் அவசியமாகின்றது.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். முழு உயர்தெளிவுப் படம் என அழைக்கப்படும் ஒரு சட்டகம் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டது. வேகமான விளையாட்டுகளில் செக்கனுக்கு 60 சட்டகங்கள் அனுப்பப்படுகின்றன. அவ்வாறாயின் ஒரு செக்கனில் அனுப்பப்பட வேண்டிய புள்ளிகள் 12 கோடியே 44 இலட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட் வீதம் எடுத்துக்கொண்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள், அதாவது 3 கிகாபிட் ஆகின்றது. மறுபுறத்தில் ட்விட்ச் தளம் நீண்டகாலமாகப் பரிந்துரைத்து வந்துள்ள உச்ச அளவோ செக்கனுக்கு 6000 கிலோபிட், அதாவது 6 மெகாபிட் மாத்திரமே. மூவாயிரம் மெகாபிட் ஆறாகச் சுருக்கப்பட வேண்டும். ஐந்நூறு பக்கம் கொண்ட நூலொன்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, வாசிப்பவர் எதனையும் இழந்ததாக உணரக்கூடாது என்று எதிர்பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இந்தச் சுருக்கலைச் செய்வதே என்கோடர் எனப்படும் குறியாக்கியின் பணி. பெரும்பாலான நேரலைகளில் இன்றும் பாவனையிலிருக்கும் முறை 2003இல் சர்வதேச நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எச்.264 ஆகும். அது ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக அனுப்புவதில்லை. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, இக்கட்டத்திலுள்ளது முந்தைய சட்டகத்தில் எங்கேயாவது இருந்ததா, எப்பக்கமாக நகர்ந்துள்ளது என்று தேடி, வேறுபாட்டை மாத்திரமே எழுதுகின்றது. சதுரங்கம், சீட்டாட்டம் போன்றவற்றில் திரையின் பெரும்பகுதி அசைவதில்லை என்பதால் எழுத வேண்டியது சொற்பம். பப்ஜி போன்ற துப்பாக்கி விளையாட்டில் வீரன் புல்வெளியில் ஓடும்போதோ நிலைமை தலைகீழாகின்றது. ஒவ்வொரு புல்லும் ஒவ்வொரு திசையில் அசைய, பார்வைக் கோணமும் சுழல, முந்தைய சட்டகத்திலிருந்து எடுத்தாளக்கூடியது மிகக் குறைவாகிவிடுகின்றது. எழுத இடம் போதாத குறியாக்கி நுண்விபரங்களைக் கைவிடுகின்றது. பச்சை நிறச் சதுரங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டதுபோன்ற காட்சி பார்வையாளருக்குக் கிடைக்கின்றது. நேரலையாளர் எதிரியைக் கண்டு சுடுகின்றார். பார்ப்பவருக்கோ எதிரியும் தெரியவில்லை, புல்லும் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது கணினிக்கு வருவோம். மேற்கூறிய தேடல் எவ்வளவு ஆழமாக மேற்கொள்ளப்படுகின்றதோ, அதே பிட் அளவுக்குள் அவ்வளவு நல்ல படம் கிடைக்கும். ஆனால் செக்கனுக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் மாத்திரமே. பலராலும் பயன்படுத்தப்படும் எக்ஸ்264 என்ற குறியாக்க மென்பொருளில் இத்தேடலின் ஆழத்தைத் தெரிவுசெய்வதற்கு அல்ட்ராஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ எனப் படிநிலைகள் உள்ளன. விளையாட்டும் குறியாக்கமும் ஒரே கணினியில் நிகழும்போது, விளையாட்டு புரொசெசரின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், வெரிஃபாஸ்ட் போன்ற அவசரப் படிநிலைக்கே இடமிருக்கும். தனியானதொரு கணினி இப்பணிக்கென ஒதுக்கப்பட்டால் அது மீடியம் அல்லது ஸ்லோ நிலையில் நிதானமாகத் தேடலாம். இரு கணினி முறை தோன்றிப் பரவியமைக்கான காரணம் இதுவே.

ஆகவே இரண்டாவது கணினி தெளிவை உற்பத்தி செய்வதில்லை. உழைப்பைப் பகிர்ந்துகொள்கின்றது, அவ்வளவே. 6 மெகாபிட் என்ற எல்லை அப்படியேதான் இருக்கின்றது. இணைய இணைப்பினால் 3 மெகாபிட்டுக்கு மேல் அனுப்ப முடியாத வீட்டில் எத்தனை கணினிகளை அடுக்கி வைத்தாலும் 3 மெகாபிட்டுக்குரிய படமே வெளியே செல்லும்.

இவ்விடத்தில் இன்னொரு மாற்றத்தையும் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது. கிரபிக்ஸ் கார்டிலேயே குறியாக்கத்துக்கெனத் தனியான சில்லுப் பகுதியை அமைக்கும் வழக்கம் வந்துவிட்டது. என்விடியா நிறுவனம் 2012ஆம் ஆண்டுத் தலைமுறைக் கார்டுகளிலிருந்து என்வென்க் என்ற பெயரில் இதனைச் சேர்த்து வருகின்றது. ஆரம்பத்தில் அதன் படம் மென்பொருளின் படத்துக்கு ஈடாக இருக்கவில்லை. இரு கணினி முறையை வலியுறுத்திய பழைய அறிவுரைகள் பெரும்பாலும் அக்காலத்துக்குரியவை. 2018இல் வெளிவந்த டியூரிங் தலைமுறையுடன் நிலைமை மாறியது. எக்ஸ்264இன் வெரிஃபாஸ்ட் நிலையை விஞ்சி, மீடியம் நிலையுடன் ஒப்பிடப்படும் அளவுக்கு அதன் தரம் உயர்ந்தது. அச்சில்லுப் பகுதி விளையாட்டுக் காட்சியை வரையும் பகுதியிலிருந்து வேறானது என்பதால் விளையாட்டின் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை.

இதிலிருந்து பெறப்படும் முடிவு பலருக்கு வியப்பளிக்கலாம். வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கின்றது, அதனை நேரலைக்கு ஒதுக்கிவிடலாம் என எண்ணும் இளைஞர், பல வேளைகளில் முன்னிருந்ததைவிட மோசமான படத்தையே பெறுகின்றார். பழைய மடிக்கணினியின் புரொசெசர் 1080 அளவுப் படத்தை வெரிஃபாஸ்ட் நிலையிலேயே திணறித் திணறிச் சுருக்கும். விளையாட்டுக் கணினியில் உள்ள புதிய கிரபிக்ஸ் கார்டோ அதனைவிடச் சிறப்பாகச் சுருக்கக்கூடியதாக இருந்தும் சும்மா இருக்கும். இரண்டாவது கணினியின் குறியாக்கி முதலாவதன் குறியாக்கியைவிடத் தரமானதாக இல்லாதவிடத்துப் படத்தின் தெளிவு உயர எவ்வித நியாயமும் இல்லை.

அவ்வாறாயின் குறைபாடு எங்குள்ளது என்பதை எவ்வாறு கண்டறிவது? நேரலையாளர்களில் பெரும்பாலானோர் பாவிக்கும் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் 2012இல் முதன்முதலில் வெளியிடப்பட்டது. அதிலுள்ள புள்ளிவிபரப் பலகையைத் திறந்து பார்ப்போர் மிகக் குறைவு என்பது கவலைக்குரியது. அங்கே சட்டக இழப்புகள் மூன்று வகையாக எண்ணப்படுகின்றன. ஒன்று, காட்சியை ஒன்றுசேர்த்து வரைவதில் ஏற்படும் தாமதத்தால் தவறியவை. மற்றையது, குறியாக்கம் பிந்தியதால் கைவிடப்பட்டவை. மூன்றாவது, வலையமைப்பின் குறைபாட்டால் உதிர்ந்தவை. அரைமணி நேரம் வழமைபோல் விளையாடிவிட்டு இம்மூன்று எண்களையும் பார்த்தால் நோய் எதுவென்பது புலனாகிவிடும்.

முதலாவது எண் உயர்ந்தால் கிரபிக்ஸ் கார்ட் தன் முழுத் திறனும் விளையாட்டினால் விழுங்கப்பட்டு மூச்சுமுட்டுகின்றது என்பது பொருள். இதற்குப் பணச் செலவற்ற பரிகாரமொன்று உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் செக்கனுக்கு இத்தனை சட்டகங்களுக்கு மேல் வரையாதே என எல்லையிட்டுவிட்டால், மீதமாகும் திறனில் ஓ.பி.எஸ். தன் வேலையைச் செய்துகொள்ளும். 200 சட்டகங்களை வரைந்து 60ஐ மாத்திரம் அனுப்புவதில் பார்வையாளருக்கு எப்பயனும் இல்லை. போட்டிகளில் பங்குபற்றும் தீவிர வீரர்களுக்கு மாத்திரம் அந்த உயர் எண்ணிக்கை இன்றியமையாதது. அவர்களுக்குத்தான் இரண்டாவது கணினி உண்மையில் கைகொடுக்கின்றது. இரண்டாவது எண் உயர்ந்தால் குறியாக்கப் படிநிலையைக் குறைக்க வேண்டும், அல்லது வன்பொருள் குறியாக்கிக்கு மாற வேண்டும், அதுவும் இயலாதபோதே தனிக் கணினி. மூன்றாவது எண் உயருமாயின் குறைபாடு இணைய இணைப்பிலேயே இருக்கின்றது. இரண்டாவது கணினிக்குச் செலவிடப்படும் பணம் அவ்விடத்தில் முற்றிலும் வீண்.

இந்த மூன்றாவது வகையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இணைப்பு எத்தனை மெகாபிட் என்று கேட்டால் எம்மவரில் பலர் கூறுவது பதிவிறக்க வேகத்தையே. நேரலைக்கு வேண்டியதோ பதிவேற்ற வேகம். செப்புக் கம்பிவழி வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு, அதன் வடிவமைப்பிலேயே பதிவேற்றத்துக்குச் சிறுபங்கை மாத்திரம் ஒதுக்குவது. ஃபைபர் இணைப்பு கிடைக்கும் இடங்களில் இக்கவலை பெரிதும் நீங்கிவிடுகின்றது. 4ஜி இணைப்பைப் பாவிப்போர், நண்பகலில் எடுத்த வேகச் சோதனையை நம்பி, அயலவர் அனைவரும் இணையத்தில் இருக்கும் இரவு வேளையில் நேரலைக்குச் சென்று ஏமாறுகின்றனர். நேரலை நடத்தும் அதே மணித்தியாலத்தில் பல நாட்கள் சோதித்து, கிடைத்த பதிவேற்ற வேகங்களுள் மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் நான்கில் மூன்று பங்கை மாத்திரம் படத்துக்கு ஒதுக்குவதே பாதுகாப்பானது. கணினியை ரவுட்டருடன் வை-ஃபை மூலமன்றிக் கம்பி மூலம் இணைப்பது சில நூறு ரூபா செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம்.

மாதாந்தத் தரவு எல்லையையும் மறந்துவிடலாகாது. 6 மெகாபிட் வீதம் ஒரு மணித்தியாலம் அனுப்பினால் 2.7 கிகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் வீதம் முப்பது நாட்களுக்கு 243 கிகாபைட். மாத நடுவில் வீட்டு இணையம் மந்தமடைந்து, தங்கையின் இணையவழி வகுப்பு தடைப்பட்ட பின்னரே இக்கணக்கு பல வீடுகளில் பேசப்படுகின்றது.

இணைப்பு இவ்வளவுதான் தாங்கும் என்பது தெரிந்துவிட்டால், அடுத்து எடுக்க வேண்டிய தீர்மானம் படத்தின் அளவு பற்றியது. இங்கேதான் ஆசை அறிவை மறைத்துவிடுகின்றது. 1080 என்று எழுதப்பட்டிருந்தால் அது தெளிவானது, 720 என்றால் மட்டமானது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துள்ளது. 6 மெகாபிட்டை 1080 அளவுள்ள 60 சட்டகங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிட்டின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனையே 1280க்கு 720 என்ற அளவில் பகிர்ந்தால் ஒரு புள்ளிக்குப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது இரு மடங்குக்கும் அதிகமாகக் கிடைக்கின்றது. வேகமான காட்சிகளில் நொறுங்கிப்போகும் 1080 படத்தைவிட நொறுங்காத 720 படம் கண்ணுக்கு இதமானது. இடைப்பட்ட 1600க்கு 900 என்ற அளவையும் பலர் விரும்புகின்றனர். பார்வையாளரிற் பெரும்பாலானோர் கைப்பேசியின் சிறு திரையில் பார்ப்பவர்கள் என்றால் இத்தெரிவில் தயக்கமே வேண்டியதில்லை. தவிரவும், ட்விட்ச்சில் சிறிய நேரலையாளர் ஒவ்வொருவரின் படமும் பல தரங்களில் மாற்றித் தரப்படும் என்ற உறுதி இல்லை. அவ்வாறு தரப்படாதபோது 6 மெகாபிட்டைப் பெற முடியாத பார்வையாளர் விட்டுவிட்டு ஓடும் படத்தைப் பார்த்துச் சலித்துப்போய் வெளியேறிவிடுவார்.

மேற்கூறியவற்றையெல்லாம் சீர்செய்த பின்னரும் இரண்டாவது கணினி தேவைப்படும் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்வோம். புதிதாகத் தோன்றும் பிரச்சினை, முதலாவது கணினியின் காட்சியை இரண்டாவதற்குக் கொண்டு செல்வது. பொதுவாக விளையாட்டுக் கணினியின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டைக் கெப்சர் கார்ட் எனப்படும் கருவியின் ஊடாக மற்றக் கணினிக்குக் கொடுக்கின்றனர். தெளிவு சத்தமின்றித் தொலைந்துபோவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

சந்தையில் சில ஆயிரம் ரூபாவுக்கு விரல் அளவிலான கெப்சர் கருவிகள் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் 4கே என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அது ஏற்றுக்கொள்ளும் படத்தின் அளவே தவிர வெளியே தரும் அளவல்ல. இவற்றுட் பல யூ.எஸ்.பி. 2.0 வகையைச் சேர்ந்தவை. அதன் உச்சக் கொள்ளளவு செக்கனுக்கு 480 மெகாபிட். நாம் அனுப்ப விரும்பும் படத்தை, நிற விபரத்தைக் குறைத்து எழுதினாலும்கூட, சுருக்காமல் கொண்டு செல்ல ஏறத்தாழ 1500 மெகாபிட் வேண்டும். பின்னர் அக்கருவி என்ன செய்யும்? தானே ஒருமுறை எம்ஜேபெக் என்ற முறையில் படத்தைச் சுருக்கி அனுப்பும். இரண்டாவது கணினி அதனை விரித்து மறுபடியும் சுருக்கும். போட்டோப் பிரதியை மறுபடியும் போட்டோப் பிரதி எடுப்பது போன்றதே இது. முதற் சுருக்கலால் தோன்றிய மாசுகளை எழுதுவதற்கும் அடுத்த குறியாக்கி தன் அரிய பிட்டுகளைச் செலவிட வேண்டியதாகின்றது. ஆகவே கெப்சர் கருவி வாங்குவதாயின் யூ.எஸ்.பி. 3.0 வகையா, 1080 அளவை 60 சட்டகங்களில் சுருக்காமல் தருமா என்பவற்றை விசாரித்தே வாங்க வேண்டும். வாங்கிய பின்னர் ஓ.பி.எஸ். மென்பொருளில் அக்கருவியின் அமைப்புகளைத் திறந்து, எம்ஜேபெக் என்றிருப்பதை என்வி12 அல்லது வை.யூ.வை.2 என மாற்றிக்கொள்ள வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 கருவியைப் பழைய 2.0 துளையில் செருகிவிட்டு, படம் சரியில்லை என்று விற்றவரிடம் சண்டைக்குச் செல்வோரும் உண்டு.

நிறம் மங்கிப்போவதும் இவ்விணைப்பில் அடிக்கடி நிகழ்வது. ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 0 முதல் 255 வரை எழுதும் முழு வீச்சு முறையும், 16 முதல் 235 வரை மாத்திரம் எழுதும் குறுகிய வீச்சு முறையும் வழக்கில் உள்ளன. கருவி குறுகிய வீச்சில் அனுப்ப, மென்பொருள் அதனை முழு வீச்செனக் கருதினால் கருமை சாம்பலாகிப் படம் முழுவதும் புகை படிந்ததுபோல் தோன்றும். மாறி நிகழ்ந்தால் இருண்ட மூலைகளில் உள்ளவை யாவும் கறுப்பினுள் மூழ்கிவிடும். பலர் இதனைக் கருவியின் தரக்குறைவு என எண்ணி நிறத்தைச் செயற்கையாகக் கூட்டிக்கொள்கின்றனர். கருவியின் அமைப்பிலும் மென்பொருளின் அமைப்பிலும் ஒரே வீச்சைத் தெரிவுசெய்தால் போதுமானது. விளையாட்டுக் கணினியில் எச்.டி.ஆர். இயங்குகின்றதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. மறுமுனை அதற்குத் தயாராக இல்லாதபோது நிறங்கள் வெளிறிவிடும்.

அடுத்தது அசைவின் சீர்மை. விளையாட்டுத் திரை செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கப்படுவதாகவும் நேரலை 60 சட்டகங்களில் செல்வதாகவும் கொண்டால், 144ஐ 60ஆல் மீதமின்றி வகுக்க முடியாது. சில சட்டகங்கள் இரண்டுக்கு ஒன்றாகவும் சில மூன்றுக்கு ஒன்றாகவும் எடுக்கப்பட, கெமரா சுழலும்போது படம் இலேசாகத் தத்துவதுபோல் தெரியும். திரையை 120க்கு மாற்றிவிட்டால் இக்குறை நீங்கிவிடும். படத்தைச் சிறிதாக்குவதையும் ஓரிடத்தில், ஒரே தடவை செய்ய வேண்டும். கருவியில் ஒருமுறை, மென்பொருளில் இன்னொருமுறை எனச் செய்தால் எழுத்துகள் கலங்கிவிடும். இரண்டாவது கணினிக்கு 1080 அளவிலேயே காட்சியைக் கொண்டுவந்து, வெளியீட்டில் மாத்திரம் 720க்கு இறக்குவதே முறையாகும்.

கெப்சர் கருவியே இன்றி, வீட்டு வலையமைப்பின் ஊடாகக் காட்சியைக் கடத்தும் என்.டி.ஐ. என்ற முறையும் உண்டு. நியூடெக் நிறுவனத்தால் 2015இல் அறிமுகப்படுத்தப்பட்டது அது. 1080 அளவில் 60 சட்டகங்களுக்கு 100 மெகாபிட்டுக்கும் அதிகமாக அது எடுத்துக்கொள்வதால் கிகாபிட் வலைக்கம்பி இன்றியமையாதது. அத்துடன் அந்த அனுப்புதலுக்கான உழைப்பு விளையாட்டுக் கணினியின் தலையிலேயே விழுகின்றது. எந்தச் சுமையை இறக்குவதற்காக இரண்டாவது கணினியை நாடினோமோ அதில் ஒரு பங்கை மீண்டும் முதலாவதன் மீதே ஏற்றுவதாக இது அமைவதால், ஏற்கெனவே திணறும் கணினியுள்ளவருக்கு இதனைப் பரிந்துரைக்க முடியாது.

இவ்விடயம் விளையாட்டுப் பிள்ளைகளோடு மாத்திரம் முடிந்துவிடுவதுமன்று. கோயில் தேர்த்திருவிழாவையும் பள்ளிவாசலின் குத்பாப் பிரசங்கத்தையும் திருமண வைபவங்களையும் கனடாவிலும் இலண்டனிலும் மத்திய கிழக்கிலும் உள்ள உறவினர்கள் இன்று நேரலையாகவே பார்க்கின்றனர். அசையும் சனத்திரள், தீபங்களின் ஒளிச்சிதறல், பந்தலில் தொங்கும் மின்விளக்குகள் ஆகியன குறியாக்கிக்குப் புல்வெளியைவிட இலகுவானவை அல்ல. அங்கும் இதே கணக்குத்தான். அங்கும் பெரும்பாலும் கெமராவையே குறை கூறுகின்றனர்.

குறியாக்க முறைகளும் மாறி வருகின்றன. 2018இல் வெளியிடப்பட்ட ஏ.வி.1 முறை, அதே பிட் அளவில் எச்.264ஐவிடத் தெளிவான படத்தைத் தரவல்லது. 2022இல் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களும் தமது புதிய கிரபிக்ஸ் கார்டுகளில் இதற்கான வன்பொருள் குறியாக்கியைச் சேர்த்துவிட்டன. யூடியூப் இம்முறையிலான நேரலையை ஏற்றுக்கொள்கின்றது. குறைந்த பதிவேற்ற வேகமுள்ள எம்மவருக்கு, இரண்டாவது கணினியைவிட இத்தகைய கார்ட் ஒன்று கூடுதல் பயன் தரக்கூடும் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். எனினும் விளையாட்டுக் கணினியின் மின்வழங்கியும் ஏனைய பாகங்களும் புதிய கார்டைத் தாங்குமா என்பதைப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது கணினிக்கு நியாயமான இடம் இல்லாமலில்லை. போட்டி வீரர்களைப் பற்றி மேலே கூறப்பட்டது. விளையாட்டு நடுவில் செயலிழந்து கணினியே உறைந்துபோனாலும் நேரலை அறுபடாமல் தொடர்வது இன்னொரு நன்மை. நேரலை செல்லும் அதே வேளையில், பின்னர் தொகுத்து வெளியிடுவதற்காக உயர்தரப் பிரதியொன்றைத் தனியாகப் பதிவுசெய்து வைக்கவும் முடிகின்றது. இப்பணிகளுக்கு மிகவும் பலம் வாய்ந்த கணினி அவசியமில்லை. தரமான வன்பொருள் குறியாக்கியைக் கொண்ட, ஏற்கெனவே பாவிக்கப்பட்ட சாதாரணக் கணினியொன்றே போதுமானது. ஒரு வருமானம் வரத் தொடங்கிய பின்னர் வாங்குவதற்கும் அதுவே பொருத்தமானது.

வாங்கியவர்களும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்றுண்டு. யூடியூப்பில் தமக்கு மாத்திரம் தெரியக்கூடியதாக ஒரு நேரலையை ஆரம்பித்து, மிகக் கடினமான காட்சியொன்றைப் பத்து நிமிடம் விளையாட வேண்டும். அதே வேளையில் நேரலைக்குரிய அதே அமைப்புகளுடன் இரண்டாவது கணினியில் அதனைப் பதிவுசெய்தும் கொள்ள வேண்டும். பின்னர் மூன்று இடங்களில் படத்தைப் பார்க்க வேண்டும். ஓ.பி.எஸ். மென்பொருளின் முன்னோட்டத் திரையிலேயே படம் மங்கலாகத் தோன்றியிருந்தால் குறை கெப்சர் கருவியிலோ அதன் கம்பியிலோ நிற வீச்சிலோ உள்ளது. முன்னோட்டம் தெளிவாக இருந்து பதிவில் கட்டங்கள் தெரிந்தால், பிட் அளவுக்கு மிஞ்சிய பெரிய படத்தைக் கேட்கின்றோம், அல்லது குறியாக்கி போதவில்லை. பதிவும் நன்றாக இருந்து தளத்தில் மாத்திரம் படம் குலைந்திருந்தால், குறை இணைப்பில் இருக்க வேண்டும், அல்லது யூடியூப் தன் பங்குக்கு மறுபடியும் சுருக்கியதால் ஏற்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பார்வையை நேரலை நடத்தும் கணினியிலன்றி, வீட்டு இணைப்பில் சேராத ஒரு கைப்பேசியில், நேரலைகள் வழமையாகப் பார்க்கப்படும் இரவு எட்டு, ஒன்பது மணியளவில் மேற்கொள்ள வேண்டும்.